டைப்பிங் சென்டர், ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாத்தப் போறீங்களா? இந்த வரிசையில செய்யுங்க

விழுப்புரம் மாவட்டத்துல ஒரு தாலுகா ஆபீஸ் பக்கத்துல சின்னதா டைப்பிங் கடை வச்சிருக்கேன். நாலு கம்ப்யூட்டர், ரெண்டு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மிஷின். எட்டு வருஷமா நாலுலயும் கிராக் பண்ண விண்டோஸ், கிராக் பண்ண ஆபீஸ், பேஜ்மேக்கர்னுதான் ஓடுச்சு, மிஷின் அசெம்பிள் பண்ணிக் குடுத்தவரே போட்டுக் குடுத்தது, யாரும் கேக்கல நானும் யோசிக்கல. போன வருஷம் விண்டோஸை கிராக் பண்ற ஆக்டிவேட்டர் ஃபைலோட வந்த ஒரு வைரஸ் ராத்திரியோட ராத்திரியா மெயின் மிஷின்ல இருந்த எல்லா ஃபைலையும் பூட்டிருச்சு. பத்திர ட்ராஃப்ட், பட்டா மனு, ஒரு காலேஜ் பொண்ணோட ப்ராஜெக்ட் ரிப்போர்ட் எல்லாம் போச்சு. அந்தப் பொண்ணு கடை வாசல்ல நின்னு அழுதது இன்னும் கண்ணுலயே நிக்குது.

அதுக்கப்புறம்தான் விண்டோஸுக்குப் பதிலா இலவசமா கிடைக்கற லினக்ஸுக்கு மாறிடலாம்னு முடிவு பண்ணி, அவசரப்பட்டு ஒரே நாள்ல நாலு மிஷினையும் மாத்தினேன். மூணு நாள் கடை ஓடல. பிரிண்டர் எடுக்கல, பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்ச ஃபைல் ஒண்ணையும் படிக்க முடியல, டைப் பண்ற அக்காவுக்கு கீபோர்டு பிடிபடல. திரும்ப விண்டோஸையே போட்டுட்டு மூணு மாசம் உக்காந்து கத்துக்கிட்டு, ரெண்டாவது தடவை வரிசையா செஞ்சப்போ ஒரு நாள் கூட ஷட்டர் இறக்கல. ரெண்டு தடவையும் போட்டது அதே லினக்ஸ்தான், வரிசைதான் வேற. பிரிண்டர், தமிழ் ஃபான்ட், கூட வேலை செய்றவங்க பழக்கம் இந்த மூணையும் முதல்ல சரி பண்ணணும், லினக்ஸ் போடுறது கடைசி வேலை. இதை மட்டும் மாத்திடாதீங்க.

எப்ப ஆரம்பிக்கிறதுன்னு கேட்டா, ஜூன் மாசம் வேண்டவே வேண்டாம், அட்மிஷன் கூட்டம். ஜிஎஸ்டி வேலை பாக்கறவங்க 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தின நாலு நாள் எதையும் தொடாதீங்க. மொத்தமா ரெண்டு மாசம் ஒதுக்கிக்கங்க, அதுல கடையை பாதிக்கற நேரம்னு பாத்தா மிஷினுக்கு ஒரு ஞாயித்துக்கிழமைதான்.

1. நோட்டு போட்டு கணக்கெடுங்க

ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு பக்கம். ப்ராசஸர் என்ன, ரேம் எவ்வளவு, ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, அதுல எந்தெந்த சாஃப்ட்வேர் நெஜமாவே தினம் ஓடுது. "நெஜமாவே"ன்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. என் மிஷின்ல முப்பதுக்கு மேல சாஃப்ட்வேர் இருந்துச்சு, ஒரு வாரம் பக்கத்துல பேப்பர் வச்சு கோடு போட்டுப் பாத்தா ஏழுதான் தொறந்திருக்கோம்.

பிரிண்டர், ஸ்கேனர், கைரேகை மிஷின், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாத்தோட மாடல் நம்பரையும் அடியில இருக்கற ஸ்டிக்கரைப் பாத்து எழுதிக்கங்க, "ஹெச்பி பிரிண்டர்"னு எழுதினா பிரயோஜனம் இல்ல. லேப்டாப்பா இருந்தா டிஸ்க்கைப் பூட்டி வைக்கற பிட்லாக்கர் ஆன்ல இருக்கான்னு பாத்து அந்த ரெக்கவரி கீயை பேப்பர்ல எழுதி வைங்க. அது இல்லாம டிஸ்க்கை கழட்டி வேற மிஷின்ல போட்டீங்கன்னா உள்ள இருக்கறது எதுவும் கிடைக்காது.

அப்புறம் எந்த மிஷினுக்கு விண்டோஸ் ஒரிஜினல் பில்லு இருக்குன்னு பாருங்க. கம்பெனி லேப்டாப்பா விண்டோஸோட வாங்கியிருந்தா அந்த லைசென்ஸ் அந்த மிஷினோடயே இருக்கும், இன்னொண்ணுக்கு மாத்த முடியாது. இது மூணாவது படியில தேவைப்படும்.

2. பென் டிரைவ்ல போட்டு பிரிண்டரை சோதிங்க

லினக்ஸை இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவ்ல இருந்து ஓட்டிப் பாக்கலாம், டிஸ்க்குல ஒரு ஃபைலும் மாறாது. எதைப் போடலாம்னு கேட்டா லினக்ஸ் மின்ட், வேற யோசனையே வேண்டாம். விண்டோஸ் பழகினவங்களுக்கு ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் அதே இடத்துல இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரைக்கும் அப்டேட் வரும். 4 ஜிபி ரேம் இருக்கற பழைய மிஷின்னா எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, 8 ஜிபி இருந்தா சின்னமன் பதிப்பு. மின்ட்டோட சொந்த வெப்சைட்ல இருந்து மட்டும் இறக்குங்க, மூணு ஜிபி கிட்ட வரும். ரூஃபஸ்னு ஒரு சின்ன இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதை வச்சு 8 ஜிபிக்கு குறையாத பென் டிரைவ்ல ஏத்திக்கங்க. பென் டிரைவ்ல முன்னாடி இருந்தது அழிஞ்சுரும், அதனால காலி டிரைவா எடுங்க.

மிஷின் ஆன் ஆகும்போதே டெல், லெனோவாவா இருந்தா எஃப்12, ஹெச்பி லேப்டாப்பா இருந்தா எஃப்9 தட்டிக்கிட்டே இருந்தா எதுல இருந்து பூட் ஆகணும்னு கேக்கும், பென் டிரைவைக் காட்டுங்க. மின்ட் வந்ததும் பிரிண்டர் கேபிளை சொருகி ஒரு பக்கம் எடுத்துப் பாருங்க.

நான் பாத்த வரைக்கும், எப்சன் எல் வரிசை இங்க் டேங்க் பிரிண்டருங்க பெருசா தொல்லை பண்ணல. பிரதர் கம்பெனியே அவங்க சைட்ல லினக்ஸ் டிரைவர் குடுக்கறாங்க. ஹெச்பி லேசர்ஜெட் 1020 மாதிரி பழசு, மிஷின் கண்டுபிடிச்சுரும் ஆனா பேப்பர் வராது, ஏன்னா அதுக்கு ஹெச்பியோட தனி ப்ளக்-இன் ஒண்ணு இறக்கணும், நெட் இருந்தா ஹெச்பி டூல்பாக்ஸே கேட்டு இறக்கிக்கும். இது தெரியாம நான் ஒரு முழு ராத்திரி கேபிளை மாத்தி மாத்தி சொருகிக்கிட்டு இருந்தேன்.

கேனான் எல்பிபி 2900 வச்சிருக்கவங்க கொஞ்சம் நிதானமா இருங்க. நம்மூர் கடைங்கள்ல ரொம்ப சகஜமான பிரிண்டர், டோனரும் மலிவு, ஆனா லினக்ஸ்ல அதோட டிரைவர் படாதபாடு படுத்தும். இன்னிக்கு ஓடுனா அடுத்த அப்டேட்ல நின்னுரும். அதை விண்டோஸ்ல விடப்போற மிஷினோடயே மாட்டி வச்சிருங்க, லினக்ஸ் மிஷின்ல இருந்து பிடிஎஃப்பா ஷேர் ஃபோல்டருக்கு அனுப்பி அங்க இருந்து பிரிண்ட் எடுங்க. நாங்க இன்னிக்கும் அப்படித்தான் செய்றோம்.

ஸ்கேனரையும் இதே மாதிரி டாக்குமென்ட் ஸ்கேனர்னு மின்ட்லயே இருக்கற சாஃப்ட்வேர்ல சோதிச்சுருங்க. வைஃபையையும் பாத்துக்கங்க.

3. ஒரு மிஷினை விண்டோஸ்லயே விடுங்க

லினக்ஸ்காரங்க சிலர் இதுக்கு ஒத்துக்க மாட்டாங்க, எனக்கும் முழுசா மாறணும்னுதான் ஆசை, ஆனா கடை ஓடணும். கணக்கு எழுதற டேலி லினக்ஸுக்கு வர்றதே இல்ல. விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டற ஒயின்ங்கற சாஃப்ட்வேரைப் போட்டு ஓட்டலாம்னு சொல்லுவாங்க, அடுத்தவங்க கணக்கை அதுல வைக்காதீங்க. கைரேகை வச்சு ஆதார் வேலை பாக்கற மிஷினுக்கு அந்தந்த கம்பெனி குடுக்கற ஆர்டி சர்வீஸ்ங்கற சாஃப்ட்வேர் பெரும்பாலும் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் வருது. டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கு லினக்ஸ் டிரைவர் உண்டு, ஆனா அரசாங்க போர்ட்டல் கேக்கற கையெழுத்து சாஃப்ட்வேரோட சேர்ந்து ஓட வைக்கிறது பெரிய போராட்டம்.

ஜிஎஸ்டியில தனி உரிமையாளர் கடைங்களுக்கு ஓடிபி வச்சே ரிட்டர்ன் போட்டுரலாம், அதுக்கு எந்த மிஷினும் போதும். கம்பெனி, எல்எல்பின்னா டோக்கன் கட்டாயம், அதை விண்டோஸ் மிஷினுக்கு ஒதுக்குங்க.

எந்த மிஷினை விடுறதுன்னா, ஒரிஜினல் லைசென்ஸ் இருக்கறதையும் விண்டோஸ் 11 ஏறக்கூடியதையும். விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோட சாதாரண சப்போர்ட் முடிஞ்சுது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், இன்டெல் ப்ராசஸர்னா எட்டாவது தலைமுறையோ அதுக்கு மேலயோ வேணும். என்கிட்ட நாலுல ஒண்ணுதான் தேறுச்சு, மத்த மூணும் நல்லா ஓடற மிஷின், அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குன்னு சொன்னா எந்தக் கடைக்காரன்கிட்ட பணம் இருக்கு?

ஆன்லைன்ல ஐநூறு ரூபாய்க்கு "ஒரிஜினல் கீ"ன்னு விக்கறாங்க, வாங்காதீங்க. பெரும்பாலும் எங்கயோ பெரிய ஆபீஸுக்கு மொத்தமா குடுத்த கீயா இருக்கும், ஆக்டிவேட் ஆயிரும், ஆனா உங்க பேர்ல லைசென்ஸ் கிடையாது.

4. விண்டோஸ்ல இருக்கும்போதே சாஃப்ட்வேரை மாத்துங்க

ஆபீஸுக்குப் பதிலா லிப்ரெஆபீஸ், நெட்டுக்கு ஃபயர்ஃபாக்ஸ், போட்டோவுக்கு கிம்ப், கோரல்ட்ரா மாதிரி வரைய இங்க்ஸ்கேப், பேஜ்மேக்கருக்குப் பதிலா ஸ்க்ரைபஸ், எல்லாமே விண்டோஸுக்கும் இலவசமா கிடைக்குது. முதல்ல அதைப் போட்டு ஒரு மாசம் அதுலயே வேலை பாருங்க. ஆபீஸ் ஐகானை டெஸ்க்டாப்ல இருந்து எடுத்துருங்க, இல்லன்னா கை தானா அங்கதான் போகும். இந்த ஒரு மாசத்துல வர்ற சந்தேகம் எல்லாம் சாஃப்ட்வேர் பத்தினது, லினக்ஸ் பத்தினது இல்ல, இது ரெண்டையும் ஒரே நேரத்துல தலையில போட்டுக்கிட்டதுதான் முதல் தடவை நான் செஞ்ச பெரிய தப்பு.

பாஸ்போர்ட் போட்டோ, ஃபார்முக்கு அப்லோடு பண்ற போட்டோ எல்லாத்துக்கும் கிம்ப் போதும். 50 கேபிக்குள்ள கேக்கறாங்கன்னா ஜேபெக்கா எக்ஸ்போர்ட் பண்ணும்போது ப்ரிவியூவை டிக் பண்ணிட்டு குவாலிட்டியைக் குறைச்சா எவ்வளவு கேபி வருதுன்னு அங்கயே காட்டும். பிடிஎஃப் பக்கத்தை சேக்கறது பிரிக்கிறது திருப்பறது எல்லாத்துக்கும் பிடிஎஃப் அரேஞ்சர்.

கல்யாண பத்திரிகை, நோட்டீஸ் வேலை இருந்தா ஸ்க்ரைபஸ் 1.6 பதிப்பு இருக்கான்னு பாருங்க. பழைய 1.4ல தமிழ் எழுத்து உடையும், கொம்பும் காலும் இடம் மாறி நிக்கும், அதைப் பாத்துட்டு நிறைய பேர் "இதுல தமிழ் வராது"ன்னு விட்டுட்டாங்க. பிரஸ்ஸுக்கு அனுப்பும்போது கோரல்ட்ரா ஃபைல்தான் வேணும்னு கேட்டா, எழுத்தையெல்லாம் "பாத்"னு (Path) சொல்ற கோட்டு வடிவத்துக்கு மாத்தி பிடிஎஃப் குடுங்க, அவங்க அதை தொறந்துக்கலாம், ஃபான்ட் இல்லங்கற பிரச்சினையும் வராது. நாலு கலர் அச்சுக்குப் போறதுன்னா இங்க்ஸ்கேப்ல இருந்து நேரா குடுக்காம ஸ்க்ரைபஸ் வழியா சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுங்க.

எக்ஸெல்ல மேக்ரோ எழுதின ஷீட் யாராவது அனுப்பினா லிப்ரெஆபீஸ்ல பாதி ஓடும் பாதி ஓடாது. அதெல்லாம் விண்டோஸ் மிஷினுக்குத் தள்ளிருங்க.

5. தமிழ் ஃபான்ட், தமிழ் கீபோர்டு

இதுக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கணும், வேற எந்தப் படியை அவசரமா செஞ்சாலும் இதைப் பொறுமையா செய்யுங்க.

பாமினி, வானவில் மாதிரி பழைய ஃபான்ட்ல அடிச்ச ஃபைல்ல உள்ளுக்குள்ள இருக்கறது இங்கிலீஷ் எழுத்துதான், ஃபான்ட்தான் அதைத் தமிழா வரைஞ்சு காட்டுது. அதனால அந்த ஃபான்ட் இல்லாத மிஷின்ல தொறந்தா ஒண்ணும் புரியாத இங்கிலீஷா தெரியும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு பதறாதீங்க, நான் பதறி எல்லாத்தையும் திரும்ப டைப் அடிக்க உக்காந்தேன். அந்த ஃபான்ட் ஃபைலை லினக்ஸ்ல கொண்டு வந்து டபுள் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா அதே ஃபைல் அப்படியே தமிழா வரும். காசு குடுத்து வாங்கின ஃபான்ட்டா இருந்தா அதோட லைசென்ஸ் எத்தனை மிஷினுக்குன்னு பாத்துக்கங்க. பேஜ்மேக்கர் ஃபைலை லிப்ரெஆபீஸ் ட்ராவுல தொறக்கலாம், லேஅவுட் கொஞ்சம் கலையும், ஆனா மேட்டர் கிடைச்சுரும்.

பழசைப் படிக்கத்தான் அந்த ஃபான்ட். புதுசா அடிக்கிறது எல்லாம், எந்த மிஷின்லயும் தமிழாவே தெரியற யூனிகோடுதான்னு ஒரு தேதி வச்சு மாறிருங்க. தமிழ்நாடு அரசே 2010ல யூனிகோடை ஏத்துக்கிட்டு அறிவிச்சுது, இப்ப ஆன்லைன் ஃபார்ம் எதுலயும் பாமினி ஏறாது. பழைய மேட்டரை மாத்தணும்னா கன்வெர்ட்டர் நிறைய இருக்கு, ஆனா ஜனங்களோட பத்திரத்தையும் மனுவையும் ஏதோ ஒரு சைட்ல பேஸ்ட் பண்ணாதீங்க, மிஷின்லயே ஓடற கன்வெர்ட்டரா எடுங்க. ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் நூலகம் இதைச் செய்யும், பைத்தான் தெரிஞ்ச பையன் யாராவது இருந்தா அரை மணி நேர வேலை.

கீபோர்டுக்கு வருவோம். மின்ட்ல கீபோர்டு லேஅவுட் பட்டியலுக்குள்ள போனா தமிழ்நெட் 99னு ஒண்ணு தெரியும், அதை எடுக்காதீங்க. அது வெறும் பொத்தானுக்கு எழுத்து மாத்தற லேஅவுட், தமிழ்99ல ஒரே மெய்யை ரெண்டு தடவை தட்டினா முதல் எழுத்துக்கு புள்ளி தானா விழணும் இல்லையா, அதுல விழாது. அதுக்குப் பதிலா இன்புட் மெத்தட்ங்கற இடத்துக்குப் போய் ஐபஸ்ஸைப் போட்டு, கூடவே சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ்-எம்17என் தேடி இன்ஸ்டால் பண்ணி, ஒரு தடவை லாக்அவுட் பண்ணிட்டு உள்ள வாங்க. அப்புறம் ஐபஸ் ப்ரிஃபரன்ஸ்ல தமிழ்னு சேக்கப் போனா தமிழ்99, டைப்ரைட்டர், பொனட்டிக், இன்ஸ்கிரிப்ட் எல்லாம் தனித்தனியா நிக்கும். விண்டோஸ் பொத்தானும் ஸ்பேஸும் சேத்து அழுத்தினா தமிழ் இங்கிலீஷ் மாறும்.

எங்க கடையில டைப் பண்ற அக்கா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்ல ஹையர் முடிச்சவங்க, அவங்க விரலுக்கு டைப்ரைட்டர் லேஅவுட்தான் தெரியும். முதல் தடவை அவங்களை தமிழ்99க்கு மாறச் சொல்லி நச்சரிச்சேன், அது நியாயமே இல்ல. இருபது வருஷப் பழக்கத்தை நாம மாத்தச் சொல்லக்கூடாது, அவங்களுக்கு அவங்க லேஅவுட்டையே போட்டுக் குடுத்தா அதே வேகத்துல அடிக்கறாங்க. நாலஞ்சு இடத்துல பொத்தான் வித்தியாசம் இருந்துச்சு, ஒரு அட்டையில எழுதி மானிட்டர் கீழ ஒட்டினோம்.

லிப்ரெஆபீஸ்ல ஒரு செட்டிங் மறக்காதீங்க. ஆப்ஷன்ஸ்ல மொழி அமைப்புக்குள்ள போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டுக்குத் தமிழைக் குடுங்க, அப்புறம் ரைட்டர் பகுதியில பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல்னு இருக்கும், அங்க நோட்டோ சான்ஸ் தமிழோ மீரா இனிமையோ தேர்ந்தெடுத்து சைஸும் குடுங்க. தமிழுக்கும் இங்கிலீஷுக்கும் அது தனித்தனியா ஃபான்ட் வச்சுக்கும், இது தெரியாதவங்க "சைஸ் மாத்தினா இங்கிலீஷ் மட்டும் மாறுது"ன்னு புலம்பறாங்க.

விண்டோஸ்ல லதா ஃபான்ட்ல அடிச்சது லினக்ஸ்ல வேற ஃபான்ட்ல வரும், பக்கம் தள்ளிப் போகும். பத்திர ட்ராஃப்ட்ல பக்கம் தள்ளினா பெரிய தலைவலி. அதனால விண்டோஸ்ல இருக்கும்போதே நோட்டோவை இறக்கிப் போட்டு அதுலயே அடிக்க ஆரம்பிச்சுருங்க. இங்கிலீஷுக்கு கவலை இல்ல, டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் செரிஃப், கேலிப்ரிக்கு கார்லிட்டோ, அதே அகலத்துல எழுத்து இருக்கும்.

6. செலவும் காகிதமும்

எனக்கு ஒரு மிஷினுக்கு ஒரிஜினல் விண்டோஸும் ஆபீஸும் சேத்து வந்த கொட்டேஷன் இருபதாயிரத்துக்கு மேல. லினக்ஸ் வழியில மிஷினுக்கு ஆனது 256 ஜிபி எஸ்எஸ்டி 1,700 ரூபாய், ரெண்டு மிஷினுக்கு பழைய ரேம் ஒரு பீஸ் 700 ரூபாய், பொதுவா ஒரு பென் டிரைவ் 400. எஸ்எஸ்டி, ரேம் விலை மேல கீழ போகும், வாங்கற அன்னிக்கு ரெண்டு கடையில கேட்டுருங்க. பில்லோட வாங்குங்க, வாரண்டிக்கு அதைத்தான் கேப்பாங்க. வருஷா வருஷம் ஆன்டிவைரஸுக்குக் கட்டினது நின்னுபோச்சு.

லைசென்ஸ் பத்தி பயப்படறவங்களுக்கு ஒண்ணு. 1957ஆம் வருஷத்து பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்துல 63பி பிரிவு, தெரிஞ்சே திருட்டு சாஃப்ட்வேர் உபயோகிச்சா குறைஞ்சது ஏழு நாள்ல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், 50,000ல இருந்து 2 லட்சம் வரைக்கும் அபராதம்னு சொல்லுது. வியாபாரத்துக்கு உபயோகிக்காதவங்களுக்குத்தான் கோர்ட் ஜெயில் இல்லாம விடலாம்னு இருக்கு, நாம கடை வச்சிருக்கறவங்க. மின்ட், லிப்ரெஆபீஸ் எல்லாம் கடையில தொழிலுக்கு உபயோகிக்கவே அனுமதி குடுத்திருக்காங்க, பில்லு தேவையில்ல. இருந்தாலும் யாராவது வந்து கேட்டா காட்டறதுக்கு ஒவ்வொண்ணோட லைசென்ஸ் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து அந்த நோட்டுலயே ஒட்டி வச்சிருக்கேன்.

7. இன்ஸ்டால் பண்ற ஞாயித்துக்கிழமை

ஒரு ஞாயிறுக்கு ஒரு மிஷின்தான். முதல்ல அதிகம் வேலை இல்லாத மிஷினை எடுங்க.

பழைய டிஸ்க்குலயே பாதியைப் பிரிச்சு ரெண்டும் வச்சுக்கலாம்னு தோணும், செய்யாதீங்க. ரெண்டும் இருந்தா அவசரத்துல எல்லாரும் விண்டோஸுக்கே போவாங்க, பார்ட்டிஷன்ல கை தவறினா ரெண்டும் போயிரும். பழைய டிஸ்க்கை ஸ்க்ரூ கழட்டி முழுசா வெளிய எடுத்துருங்க, புது எஸ்எஸ்டியை மாட்டி அதுல போடுங்க. உள்ள வேற டிஸ்க்கே இல்லாததால "டிஸ்க்கை அழிச்சு இன்ஸ்டால் பண்ணவா"ன்னு அது கேக்கும்போது தைரியமா ஆமான்னு சொல்லலாம். இருபது நிமிஷத்துல முடிஞ்சுரும், அப்டேட்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் வைங்க. டைம்ஸோன் கேக்கும்போது கொல்கத்தா.

முடிஞ்சதும் முதல் வேலையா டைம்ஷிஃப்ட் தொறந்து ஒரு ஸ்நாப்ஷாட் எடுங்க, ஏதாவது கெட்டுப்போனா இந்த நிலைக்குத் திரும்பலாம். ஆனா அது சிஸ்டத்துக்குத்தான், உங்க ஃபைலுக்கு இல்ல. ஃபைலுக்குத் தனியா வெளி டிஸ்க்குல தினமும் சாயங்காலம் பேக்கப் எடுக்கணும், எடுத்ததும் கேபிளைக் கழட்டிருங்க. நான் அனுபவிச்ச மாதிரி வைரஸ் வந்தா சொருகி இருக்கற டிஸ்க்கையும் சேத்துப் பூட்டும்.

பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேஸ்ல போட்டு சொருகினா லினக்ஸே படிக்கும், தேவையான ஃபோல்டரை மட்டும் எடுத்துக்கங்க. டிரைவ் தெரியுது ஆனா அதுல எழுத முடியலன்னா, விண்டோஸ் சரியா ஷட்டவுன் ஆகாம ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்ல நின்னிருக்கும், கழட்டறதுக்கு முன்னாடியே அதை ஆஃப் பண்ணிருங்க.

8. முதல் மாசம்

வாட்ஸ்அப் வெப் ஃபயர்ஃபாக்ஸ்லயே ஓடும், கஸ்டமர் அனுப்பற ஃபைல் எல்லாம் வழக்கம்போல வரும். மிஷினுக்கு மிஷின் ஃபைல் அனுப்ப மின்ட்லயே வார்ப்பினேட்டர் இருக்கு, போனுக்கும் அதோட ஆப் உண்டு. யாராவது வேர்டு ஃபைல்தான் வேணும்னா சேவ் பண்ணும்போது டாக்எக்ஸ் குடுங்க, இறுதி வடிவம்னா பிடிஎஃப் மட்டும்.

மாட்டிக்கிட்டா தனியா முட்டி மோதாதீங்க. எங்க பக்கம் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு, சென்னையில ஐலக்சிங்கற லினக்ஸ் குழு, புதுச்சேரியிலயும் கட்டற்ற மென்பொருள் ஆட்கள் இருக்காங்க. தமிழ்லயே கேக்கலாம், காசு கேக்க மாட்டாங்க. கேக்கும்போது பிரிண்டர் மாடல், மின்ட் பதிப்பு, ஸ்க்ரீன்ல என்ன எழுத்து வந்துச்சோ அது, இந்த மூணையும் சொல்லுங்க, "ஓடல"ன்னு மட்டும் சொன்னா அவங்களாலயும் ஒண்ணும் பண்ண முடியாது.

9. கழட்டின பழைய டிஸ்க்கு

ஒரு கவர்ல போட்டு எந்த மிஷினோடது, என்னிக்கு கழட்டினதுன்னு எழுதி பூட்டு உள்ள டிராயர்ல வைங்க. ஆறு மாசம் தொடாதீங்க, யாரு கேட்டாலும் குடுக்காதீங்க. எங்க கடையில அதை ரெண்டு தடவை எடுக்க வேண்டி வந்துச்சு, ரெண்டும் நாங்க காப்பி பண்ண மறந்துபோன பத்திர ட்ராஃப்ட்.

ஆறு மாசம் ஆனதும் எக்ஸ்சேஞ்சுல அப்படியே போட்டுராதீங்க. அதுல ஊர்க்காரங்க ஆதார், பேங்க் பாஸ்புக், ஜாதி சான்றிதழ் காப்பி எல்லாம் வருஷக்கணக்கா கிடக்கு, சும்மா ஃபார்மேட் பண்ணா திரும்ப எடுத்துருவாங்க. ஹார்ட் டிஸ்க்கா இருந்தா மின்ட்ல டிஸ்க்ஸ்னு இருக்கற சாஃப்ட்வேர்ல அதைச் சொருகி, ஃபார்மேட் டிஸ்க்ல முழுசா பூஜ்ஜியம் எழுதி அழிக்கற ஆப்ஷனைக் குடுங்க. 500 ஜிபிக்கு சில மணி நேரம் ஆகும், கடை சாத்தும்போது போட்டுட்டுப் போனா காலையில முடிஞ்சிருக்கும். எந்த டிஸ்க்குன்னு பேரையும் அளவையும் ரெண்டு தடவை பாத்துட்டு அழுத்துங்க.